தென்கிழக்கு வேல்ஸில் இரண்டு நாள்: ரோமானிய இடிபாடுகளையும் இடைக்காலக் கோட்டைகளையும் வழிகாட்டியோடு பார்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பிரிட்டனுக்கு வருகிற நண்பர்கள் "ஒரு நல்ல கோட்டை பார்க்கணும், எங்கே போகலாம்?" என்று கேட்டால் நான் முதலில் சொல்வது கார்டிஃப் பக்கம் போங்கள் என்பதுதான். லண்டன் பாடிங்டனில் ரயில் ஏறினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கார்டிஃப். அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரத்தில் ரோமானியப் படைமுகாம் ஒன்று (கார்லியன்), மதிலோடு நிற்கும் ரோமானிய ஊர் ஒன்று (கேர்வென்ட்), பிரான்ஸிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் கட்டிய கல்கோட்டை ஒன்று (செப்ஸ்டோ), வேல்ஸிலேயே மிகப் பெரிய கோட்டை ஒன்று (கேர்ஃபில்லி). இரண்டு நாள் போதும், ஆனால் எந்த வரிசையில் பார்க்கிறீர்கள் என்பது ரொம்ப முக்கியம். பல சுற்றுலாக்கள் பெரிய கோட்டையை முதலில் காட்டிவிட்டு, சாயங்காலம் எல்லோரும் களைத்த பிறகு ரோமானிய இடிபாட்டுக்குக் கூட்டிப் போகின்றன. அங்கே முழங்கால் உயரச் சுவரைப் பார்த்ததும் பாதிப் பேர் வண்டியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். காலையிலேயே ரோமானியர்களிடம் தொடங்கி, அவர்கள் சுட்ட செங்கல் ஓடு பல நூற்றாண்டு கழித்து ஒரு நார்மன் சுவருக்குள் போய்ச் சேர்ந்ததை அன்று மாலையே கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒரே கதையாகிவிடும். கீழே சொல்வது அந்த வரிசைதான்.

படி 1: வழிகாட்டியைப் பிடிப்பது

மூன்று வழிகள் இருக்கின்றன. பெரிய பேருந்துச் சுற்றுலா, எட்டு முதல் பதினாறு பேர் போகும் சிறிய வேன், இல்லை தனி வழிகாட்டி. என் பரிந்துரை சிறிய வேன், குடும்பமாக நாலு பேர் இருந்தால் தனி வழிகாட்டி. வேல்ஸில் பயிற்சி பெற்று அங்கீகாரம் வாங்கிய வழிகாட்டிகளுக்கு ப்ளூ பேட்ஜ், கிரீன் பேட்ஜ் என்று தகுதிகள் உண்டு. பதிவு செய்வதற்கு முன்னால் அதைக் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், கேட்டே ஆகவேண்டிய கேள்விகள். ஒவ்வொரு இடத்திலும் உள்ளே எவ்வளவு நேரம்? வழிகாட்டி எங்களோடு உள்ளே வருவாரா, அல்லது வாசலில் விட்டுவிட்டு "இத்தனை மணிக்கு வந்துவிடுங்கள்" என்று சொல்லிவிடுவாரா? நுழைவுக் கட்டணம் சேர்ந்ததா, தனியா? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். நான் முதல் தடவை போனபோது பதிவு செய்த சுற்றுலாவில் செப்ஸ்டோ கோட்டைக்குக் கொடுத்தது நாற்பத்தைந்து நிமிடம். அந்தக் கோட்டை ஒரு குன்றின் முதுகில் நீளமாகப் போகிறது, முன்முற்றத்தைத் தாண்டுவதற்குள்ளேயே நேரம் முடிந்துவிட்டது. எதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போனேனோ அந்தப் பெரிய கோபுரத்தைத் தூரத்திலிருந்து மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். இன்னொரு தடவை போய்த்தான் பார்த்தேன். ஆகவே செப்ஸ்டோவுக்கும் கேர்ஃபில்லிக்கும் தலா இரண்டு மணி நேரம், அதற்குக் குறைந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

படி 2: டிக்கெட், காலணி, நேரம்

வேல்ஸ் அரசின் வரலாற்றுச் சின்னங்களைக் கவனிக்கும் அமைப்புக்குப் பெயர் காடு (வெல்ஷ் சொல், 'காப்பது' என்று பொருள், உச்சரிப்பு நம்ம 'காடு' மாதிரியேதான்). அவர்களிடம் எக்ஸ்ப்ளோரர் பாஸ் என்று ஒன்று உண்டு, ஏழு நாளுக்குள் ஏதாவது மூன்று நாள் அவர்களுடைய இடங்களுக்குப் போய்வரலாம். செப்ஸ்டோ, கேர்ஃபில்லி, ராக்லன் கோட்டைகள் எல்லாம் இதில் வந்துவிடும். கார்டிஃப் கோட்டை நகராட்சியுடையது, அதற்குத் தனிச் சீட்டு. கார்லியன் வட்டரங்கும் படைவீடுகளும், கேர்வென்ட் ஊர் முழுவதும் இலவசம்.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை போவது நல்லது. குளிர்காலத்தில் சீக்கிரம் மூடிவிடுவார்கள், டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். மழை எந்த மாதத்திலும் வரும். குடை காற்றில் நிற்காது, தொப்பி வைத்த மழைக்கோட்டுதான் சரி. கோபுரங்களில் சுழல் படிக்கட்டுகள், நடுவில் தேய்ந்து வழவழப்பாக இருக்கும், ஈரமானால் இன்னும் மோசம், அதனால் பிடிமானமுள்ள ஷூ கட்டாயம். முழங்கால் வலியுள்ள பெரியவர்களைக் கூட்டிப் போனால் அவர்களை மேலே ஏற்றாதீர்கள். கீழே முற்றத்தில் பார்க்கவே நிறைய இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குக் கார்லியனிலோ செப்ஸ்டோவிலோதான் கடைகள் கிடைக்கும். கேர்வென்ட் சின்னக் கிராமம், அங்கே எதையும் நம்பிப் போகவேண்டாம்.

படி 3: போய்ச் சேர்ந்த மாலை, கார்டிஃப் கோட்டைச் சுவரில் ஒரு பாடம்

நாளை காலைதான் சுற்றுலா தொடங்குகிறது என்றாலும் இதைச் செய்துவிடுங்கள். ஊரின் நடுவிலேயே கோட்டை. உள்ளே போகாவிட்டாலும் பரவாயில்லை, தெருவிலிருந்து மதிலைப் பாருங்கள். கீழ்ப்பகுதியில் சிவப்புக் கற்களால் ஒரு கோடு ஓடும். அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பது ரோமானியர் கட்டிய அசல் சுவர், மேலே இருப்பது பிற்காலத்தில் அதே பாணியில் கட்டி எழுப்பியது. 1880களின் இறுதியில் கோட்டையின் உரிமையாளரான மூன்றாம் ப்யூட் பிரபுவின் வேலையாட்கள் தோண்டும்போது இந்த ரோமானிய மதில் வெளியே வந்தது. எது பழசு, எது புதுசு என்று ஒளிக்காமல் கோடு போட்டுச் சொன்ன அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். கோட்டுக்குக் கீழே உள்ள கல்லின் அளவு, சுண்ணாம்புக் காரை, அடுக்கு இவற்றை ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். நாளைக்கு முழுவதும் இந்தக் கண் உங்களுக்கு வேண்டும்.

நேரமிருந்து உள்ளே போனால், ரோமானியக் கோட்டையின் சதுரத்துக்குள்ளேயே மண்ணைக் கொட்டி மேடாக்கி அதன் மேல் பன்னிரண்டு பக்கக் கல் மதில் எழுப்பியிருப்பதைப் பார்க்கலாம். அது நார்மன் வேலை. இங்கிலாந்தைப் பிடித்த வில்லியமின் மூத்த மகன் ராபர்ட் தன் தம்பியாலேயே சிறைப்பட்டுக் கடைசிக் காலத்தை இங்கே கழித்து 1134இல் இறந்தார். ரோமானியச் சுவருக்குள் இருக்கும் நடைவழிகள் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுப் புகலிடமாக இருந்தன, ஏறத்தாழ 1,800 பேர் தங்கலாம். பக்கத்திலுள்ள பகட்டான மாளிகை விக்டோரியா காலத்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, இங்கேயே பழகிக்கொள்ளுங்கள். 'கேர்' என்றால் வெல்ஷ் மொழியில் அரண், கோட்டை. கார்டிஃப், கார்லியன், கேர்வென்ட், கேர்ஃபில்லி, நாலு பெயரிலும் அதே சொல்தான் ஒட்டியிருக்கிறது.

படி 4: முதல் நாள் காலை, கார்லியன்

கார்டிஃபிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். ரயிலில் நியூபோர்ட் போய் அங்கிருந்து பஸ் பிடித்தும் வரலாம். ரோமானியர் இதை இஸ்கா என்றார்கள். கி.பி. 75 வாக்கில் இரண்டாம் அகஸ்டா லீஜியன், அதாவது ஏறத்தாழ 5,500 பேர் கொண்ட படை, இங்கே நிரந்தர முகாம் போட்டது. 'லீஜியனின் கோட்டை' என்பதுதான் கார்லியன் ஆனது.

முதலில் வட்டரங்குக்கு, அதாவது ஆம்ஃபிதியேட்டருக்குப் போங்கள். காலையில் கூட்டமில்லாத நேரத்தில் நடுவில் நின்று சுற்றிப் பார்க்கவேண்டிய இடம் அது. கி.பி. 90 அளவில் கட்டினார்கள், ஆறாயிரம் பேர் உட்காரலாம், அதாவது முகாம் முழுவதும் ஒரே நேரத்தில் வந்து அமரலாம். தரையைத் தோண்டித் தாழ்வாக்கி, அந்த மண்ணையே சுற்றிலும் கரையாக ஏற்றி, இருபுறமும் கல்சுவர் வைத்துத் தாங்கி, மேலே மரத்தால் இருக்கைகள் போட்டார்கள். எட்டு வாயில்கள். வெளிச்சுவரில் உதைச்சுவர்கள் வரிசையாக நிற்பதைப் பாருங்கள், அவ்வளவு மண்ணும் வெளியே தள்ளாமல் பிடித்துக்கொண்டிருப்பவை அவைதான்.

வழிகாட்டியிடம் இங்கே ஒன்றைக் கேளுங்கள்: நெமிசிஸ் சாபத் தகடு. இந்த அரங்கில் ஈயத் தகடு ஒன்று கிடைத்தது. யாரோ ஒருவர் பழிவாங்கும் தெய்வமான நெமிசிஸிடம் மேலங்கி ஒன்றையும் ஒரு ஜோடி காலணிகளையும் ஒப்படைத்து, அவற்றை அணிந்தவன் தன் உயிரைக் கொடுத்துத்தான் மீட்கவேண்டும் என்று கீறி எழுதியிருக்கிறார். திருட்டுக் கொடுத்தவரின் கோபமாக இருக்கலாம், பந்தயக்காரரின் தந்திரமாகவும் இருக்கலாம். அந்த ஆறாயிரம் பேரில் ஒருவருடைய மனசு இப்படிக் கைக்குக் கிடைத்திருப்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பு.

தமிழர்களுக்கு இந்த இடத்தோடு நேரான தொடர்பு ஒன்று உண்டு, உங்கள் வழிகாட்டிக்கு அது தெரியாமல் இருக்கலாம். 1926 வரை இது புல் மூடிய பள்ளம், ஊர்க்காரர்கள் ஆர்தர் அரசனின் வட்டமேசை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1926-27இல் அகழ்ந்து வெளியே கொண்டுவந்தவர்கள் மார்ட்டிமர் வீலரும் அவர் மனைவி டெஸ்ஸாவும். வீலர் அப்போது லண்டன் அருங்காட்சியகப் பொறுப்புக்குப் போய்விட்டதால் களத்தில் பெரும்பகுதியை நடத்தியவர் டெஸ்ஸா. அதே வீலர்தான் 1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்து, சென்னை அருங்காட்சியகத்தில் ரோமானிய மதுச்சாடியின் துண்டைப் பார்த்துப் பரபரப்பாகி, 1945இல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டைத் தோண்டினார். அங்கே கிடைத்த இத்தாலிய அரெட்டைன் மட்பாண்டங்களை வைத்துத்தான் தென்னிந்தியத் தொல்லியலுக்கு உறுதியான ஒரு காலக் கணக்கு கிடைத்தது. கார்லியனில் ரோமானியப் பானை ஓட்டைப் பார்த்துப் பழகிய கண் அரிக்கமேட்டு மண்ணில் அதை அடையாளம் கண்டுகொண்டது. டெஸ்ஸா அதைப் பார்க்க இருக்கவில்லை, 1936இலேயே இறந்துவிட்டார்.

அங்கிருந்து தெருவைத் தாண்டிப் படைவீடுகள். லீஜியன் படைவீரர் குடியிருப்பு இப்படி வெளியே தெரியும்படி ஐரோப்பாவில் இருப்பது இங்கே மட்டும்தான். அடித்தளச் சுவர்கள்தான், ஆனால் கணக்கு அப்படியே படிக்கலாம்: எட்டுப் பேருக்கு இரண்டு அறை, அப்படி நீளமாக ஓடும் வரிசை, கோடியில் அந்தக் குழுவின் தலைவனான செஞ்சூரியனுக்குப் பெரிய வீடு. மூலையில் பொதுக்கழிப்பறை, மதிலோரமாக வட்ட அடுப்புகள். தீப்பிடிக்காமலிருக்க அடுப்பைக் குடியிருப்பை விட்டுத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

கடைசியாகக் குளியல் மண்டபம், கூரைக்குள் பாதுகாத்திருக்கிறார்கள். நீச்சல்குளம் மட்டுமே 41 மீட்டர் நீளம். எனக்கு இதில் பிடித்தது சாக்கடைதான். அதைத் தோண்டியபோது சித்திரம் செதுக்கிய 88 மோதிரக்கற்கள் கிடைத்தன. நீராவியில் கல்லை ஒட்டியிருந்த பசை இளகி, குளிக்கிறவருக்குத் தெரியாமலே கல் நழுவி விழுந்து நீரோடு போயிருக்கிறது. அவற்றைப் பக்கத்திலுள்ள ரோமானிய லீஜியன் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள், விரல் நகத்தைவிடச் சின்னவை, ஆனால் உருவங்கள் அவ்வளவு தெளிவு. அருங்காட்சியகம் அன்று திறந்திருக்கிறதா என்று போவதற்கு முன் இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: கேர்வென்ட், அவசரப்படாமல் ஒரு மணி நேரம்

சுற்றுலாக்காரர்கள் அதிகம் விட்டுவிடும் இடம் இது. விடாதீர்கள், பட்டியலில் இல்லையென்றால் கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். கார்லியனிலிருந்து செப்ஸ்டோ போகும் வழியிலேயே இருக்கிறது. கார்லியன் படைமுகாம் என்றால் இது குடிமக்களின் ஊர், வென்டா சிலூரம், அதாவது சிலூரர்கள் என்ற உள்ளூர்க் குடியினரின் சந்தை ஊர். அந்த 'வென்டா'தான் இன்றைய க்வென்ட் பகுதியின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தெற்கு மதிலில் நடங்கள். சில இடங்களில் ஐந்து மீட்டர் உயரத்துக்கு இன்னும் நிற்கிறது, வெளிப்பக்கமாகப் பல பக்கங்கள் கொண்ட கொத்தளங்கள் துருத்திக்கொண்டிருக்கும், அவை நாலாம் நூற்றாண்டில் சேர்த்தவை. முகப்புக் கல்லை யாரோ உருவிக்கொண்டு போன இடங்களில் உள்ளே திணித்த சரளையும் காரையும் தெரியும். இப்படி இந்த ஊரிலிருந்து எடுத்துப் போனவை எங்கே போயின என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த படியில் ஒரு பதில் வரும்.

பிறகு ஊருக்குள் வந்து தேவாலயத்தின் முன்வாயிலுக்குப் போங்கள். அங்கே எழுத்துப் பொறித்த கல் ஒன்று இருக்கிறது. இரண்டாம் அகஸ்டா லீஜியனின் தளபதியாக இருந்து பெரிய பதவிகளுக்குப் போன பாலினஸ் என்பவருக்குச் சிலூரர்களின் ஊர்மன்றம் தீர்மானம் போட்டு வைத்த சிலையின் பீடம் அது, கி.பி. 220க்குச் சற்று முன்னது. சிலூரர்கள் யார்? ரோமானியரை ஏறத்தாழ கால் நூற்றாண்டு காலம் மலைகளில் எதிர்த்து நின்றவர்கள். அவர்களுடைய பேரன்களின் பேரன்கள், தங்களை அடக்கிய அதே லீஜியனின் தளபதிக்கு ஊர்ச் செலவில் சிலை வைத்திருக்கிறார்கள். ரோம் எப்படி ஆண்டது என்பதற்கு இந்தக் கல்லைவிடச் சுருக்கமான விளக்கம் நான் எங்கும் பார்த்ததில்லை. வழிகாட்டியை வரிவரியாகப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

கோயிலும் மன்றமும் அடித்தளங்களாகத் தெரியும், பார்த்துக்கொண்டே போய்விடலாம்.

படி 6: பிற்பகல், செப்ஸ்டோ

எட்டு கிலோமீட்டர்தான். வை ஆற்றின் சுண்ணாம்புக்கல் பாறை மேல் நிற்கிறது. வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த மறுவருடமே, 1067இல், அவருடைய நெருங்கிய ஆளான வில்லியம் ஃபிட்ஸ்ஆஸ்பெர்ன் தொடங்கியது. முடிந்தால் முதலில் ஆற்றுப்பாலத்தில் நின்று கோட்டை முழுவதையும் ஒருமுறை பாருங்கள். அதன் நீளம் அங்கிருந்துதான் புரியும். கடல் ஏற்றவற்றம் இந்த ஆற்றில் மிக அதிகம், வற்றத்தில் பார்த்தால் சேற்றுக்கரை பல மீட்டர் ஆழத்துக்குத் திறந்துகிடக்கும்.

உள்ளே போனதும் வழிகாட்டி கோபுரங்களின் கதைகளில் இறங்கிவிடுவார், 1649இல் முதலாம் சார்லஸ் அரசரின் மரணதண்டனையில் கையெழுத்திட்ட ஹென்றி மார்ட்டன் சிறைப்பட்டு 1680இல் இறந்த கோபுரம் வாசலருகிலேயே இருக்கிறது. கேளுங்கள், ஆனால் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தவறவிடக்கூடாதது மரக்கதவுகள். கோட்டை வாசலில் 1962 வரை தொங்கின, இப்போது உள்ளே பத்திரமாக வைத்திருக்கிறார்கள். மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்ததில் 1159க்கும் 1189க்கும் இடையில் வெட்டிய ஓக் மரம் என்று தெரிந்தது. ஐரோப்பாவில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கோட்டைக் கதவு இதுதான். முன்பக்கம் இரும்புத் தகடு போர்த்தியிருக்கும். பின்பக்கம் போய்ப் பாருங்கள், சட்டங்களை ஒன்றோடொன்று துளையும் கழுந்துமாகப் பொருத்தியிருக்கிற தச்சுவேலை அங்கேதான் தெரியும்.

பிறகு நேராக நடு முற்றம் தாண்டிப் பெரிய கோபுரம். இதுதான் காலையிலிருந்து நாம் வந்துகொண்டிருக்கும் இடம். வெளிச்சுவரில், சாம்பலும் மஞ்சளுமான கற்களுக்கு நடுவே, ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை ஓடும். அவை ரோமானியச் செங்கல் ஓடுகள், கேர்வென்ட்டிலிருந்து எடுத்து வந்தவை என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த ஊரை மதியம்தானே பார்த்தீர்கள், அதன் ஓடுகள் இப்போது பதினோராம் நூற்றாண்டுச் சுவரில் நிற்கின்றன. கல் கிடைக்காமல் எடுத்துவந்தார்கள் என்று மட்டும் சொல்லமுடியாது. ரோமானியக் கட்டடங்களில் ஓட்டுப் பட்டை ஓடுவது போலவே இங்கேயும் ஓடவிட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த ஆட்சியாளர்கள் தங்களை ரோமின் வாரிசாகக் காட்டிக்கொள்ள விரும்பினார்கள் என்று நான் நம்புகிறேன். அந்தப் பட்டைக்குக் கீழே பத்து நிமிடமாவது நில்லுங்கள். வெயில் சாயும் நேரமாக இருந்தால் ஓட்டின் நிறம் தனியாகத் தெறிக்கும்.

திரும்பும்போது ஆற்றுப் பக்கமுள்ள நிலவறைக்கு இறங்குங்கள். பாறையின் விளிம்பில் திறப்பு இருக்கிறது, கீழே வந்து நிற்கும் படகிலிருந்து சாமான்களைக் கயிறு கட்டி மேலே இழுக்க.

படி 7: இரண்டாம் நாள், கேர்ஃபில்லி

கார்டிஃபிலிருந்து ரயிலில் இருபது நிமிடம், நிலையத்திலிருந்து நடக்கலாம். வழிகாட்டி இல்லாமலேயே போகமுடியும், ஆனால் நீர்ப் பாதுகாப்பை விளக்க ஒருவர் இருந்தால் நல்லது.

சிவப்பு முடியால் 'சிவப்பு கில்பர்ட்' என்று அழைக்கப்பட்ட கில்பர்ட் டி கிளேர் 1268இல் தொடங்கினார். வடக்கிலிருந்து வந்த வெல்ஷ் இளவரசர் லூவெலின் ஆப் க்ரிஃபித்தைத் தடுப்பதுதான் நோக்கம். லூவெலின் சும்மா இருக்கவில்லை, 1270இல் வந்து கட்டிக்கொண்டிருந்ததை எரித்தார், 1271இல் மறுபடி வேலை தொடங்கியது. செப்ஸ்டோவில் நீளவாக்கில் முற்றத்துக்கு அப்புறம் முற்றமாகப் பார்த்தீர்கள். இங்கே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மதில், உள்மதில் உயரம், வெளிமதில் தாழ்வு. வெளிமதிலில் நிற்பவன் தலைக்கு மேலாக உள்மதிலில் இருப்பவனும் அம்பு விடலாம். இவை எல்லாவற்றையும் சுற்றி, ஓடைகளை அணை கட்டித் தடுத்து உண்டாக்கிய ஏரிகள். கிழக்குப் பக்கம் நீங்கள் நுழையும் அந்த நீண்ட மதில் உண்மையில் ஓர் அணை. அதன் மேல் நடந்து பார்த்தால்தான் இந்தக் கோட்டையின் பலம் கல்லில் பாதி, தண்ணீரில் பாதி என்பது புரியும்.

தென்கிழக்குக் கோபுரம் சுமார் பத்து டிகிரி சாய்ந்து நிற்கிறது, பைசா கோபுரத்தைவிட அதிகம். நிலம் இறங்கியதால் என்றும், 1640களில் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் வெடி வைத்ததால் என்றும் இரண்டு கருத்து உண்டு. 1928க்குப் பிறகு பெரும் செலவு செய்து கோட்டையைப் புதுப்பித்த நாலாம் ப்யூட் பிரபுவுக்கு அங்கே மரச்சிலை வைத்திருக்கிறார்கள், சாய்ந்த கோபுரத்தை அவர் கையால் தாங்கிப் பிடித்திருப்பது போல. குழந்தைகளைக் கூட்டிப் போனால் அதன் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்காமல் வரமுடியாது.

ராக்லன் கோட்டையையும் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். கார் இருந்து, மதியத்துக்குள் கேர்ஃபில்லி முடிந்தால் போங்கள். பதினைந்தாம் நூற்றாண்டு, தனி அகழிக்குள் நிற்கும் அறுகோணக் கோபுரம், 1646 முற்றுகைக்குப் பிறகு வேண்டுமென்றே உடைத்தது. நல்ல இடம்தான், ஆனால் அதற்காகக் கேர்ஃபில்லியில் நேரத்தைக் குறைக்காதீர்கள்.

ஏனென்றால் கேர்ஃபில்லியில் கிளம்புவதற்கு முன் இன்னொரு நடை பாக்கி இருக்கிறது. கோட்டையைச் சுற்றி வடமேற்குப் பக்கம் போங்கள், புல் மேடாக ஓரிடம் தெரியும். சீட்டும் வேண்டாம், கூட்டமும் இருக்காது. அதே உள்நாட்டுப் போர்க்காலத்தில் எழுப்பிய மண்அரண் அது, அதற்குக் கீழே கிடப்பது கி.பி. 75 வாக்கில் ரோமானியத் துணைப்படை போட்ட கோட்டை. அந்த மேட்டில் ஏறி நின்று திரும்பினால் கில்பர்ட்டின் கோபுரங்களும் ஏரியும் எதிரே தெரியும். கார்டிஃப் ரயிலுக்கு நேரம் பார்த்துக்கொண்டு, கால் மணி நேரம் அங்கே உட்கார்ந்துவிட்டு இறங்குங்கள்.